லாம்

நாகலூரில் எடுத்த ரத்தம்
இரண்டு மணி நேரத்துக்குள் சேலம் வந்தாக வேண்டும்.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்து
இருபது கொண்டை ஊசி வளைவையும்
இடுப்பில் வாங்கிக்கொள்கிறேன்.
டிரைவர் குணபாலனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்:
குலுங்கினால் சிவப்பணு உடையும்,
உடைந்தால் தன் கதையைக் கொட்டிவிடும்,
வயிற்றின் கதை அதில் அமுங்கிப்போகும்.
போன வாரம் ஒன்பது குழாய்
நன்னாரி சர்பத் நிறத்தில் வந்தன.
கொட்டினோம்.

நல்ல சீரம் வைக்கோல் நிறம்.
அதில் மிதப்பவை மைக்ரோ ஆர்.என்.ஏ.,
இருபத்திரண்டு எழுத்துத் துணுக்குகள்.
தாமாக எதையும் கட்டாதவை,
வேறெங்கோ கிளம்பிய கட்டளையை
நடுவழியில் மறிப்பவை.
பிறக்கும்போது அவையும்
கொண்டை ஊசியாய் வளைந்திருக்குமாம்.
அதைப் படித்த அன்று
பதினோராவது வளைவில் வாந்தி எடுத்தேன்.

சடையன். குறியீட்டில் நாற்பத்தேழு.
சில்வர் ஓக்கில் ஏணி சாய்த்து
மிளகு பறிக்கிறவர்.
ஒரு வருஷமாய் அல்சர்தான் என்கிறார்,
பாதிச் சோற்றில் தட்டைத் தள்ளுகிறார்.
குழாய் விழுங்க மாட்டேன் என்றவர்
ரத்தம் என்றதும் கையை நீட்டினார்.
‘இதுலயே தெரிஞ்சிடுமா சிஸ்டர்?’
‘தெரியலாம்ண்ணா.’

இரவு எட்டு மணிக்குத் திரையில்
தரையோடு கிடந்த கோடுகள்
ஒவ்வொன்றாய் எழுந்தன.
முப்பதாம் சுற்றில், முப்பத்திரண்டில்.
நாற்பத்தேழு மட்டும் இருபத்து நான்கில்.
மறுபடி ஓட்டினேன்.
இருபத்து நான்கு.

‘இருநூறு பேர் முடியட்டும்’ என்றார் டாக்டர் பெனடிக்டா.
‘ஒரு கோடு நோயாகிவிடாது,
வெறும் புண்ணுக்கும் இப்படி எழலாம்.’
எங்கள் ஆய்வில் எல்லா வினையும்
லாமில்தான் முடிகிறது:
காட்டலாம், உதவலாம்,
முன்கூட்டியே பிடிக்கலாம்.

அப்புறம் கேட்டார், ‘ஆள் எப்படி இருக்கார்?’
பெல்ட் மூன்று ஓட்டை உள்ளே போயிருக்கிறது,
நாலாவதை ஆணியால் அவரே குத்தியிருக்கிறார்
என்றேன்.
‘இதை ஏன் எழுதல?’
படிவத்தில் பெல்ட்டுக்குக் கட்டம் இல்லை.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
பெரியாஸ்பத்திரி எண்டோஸ்கோப்பிக்குச்
சீட்டு எழுதினார்.
‘இதுக்கு உன் கோடு வேண்டாம்மா.’

மறுநாள் ஐஸ் பெட்டி இல்லாமல் மேலே போனேன்.
ஏணி உச்சியிலிருந்து குரல்:
‘ரத்தத்துலயே தெரிஞ்சிடும்னீங்க?’
‘தெரியலாம்னுதாண்ணா சொன்னேன்.’
வெகுநேரம் மிளகு மட்டும் கூடையில் விழுந்தது.

இறங்கும்போது ஜன்னலோரம் அவர் இருந்தார்,
காலையிலிருந்து வெறும் வயிறு,
முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி.
சீட்டு என் மடியில்.
குணபாலனிடம் நான் எதுவும் சொல்லவில்லை.
ஒவ்வொரு வளைவிலும்
வண்டி தானாகவே மெதுவாகியது.