இரண்டாவது நோட்டு

வாங்குபவர் அனுப்பிய படிவத்தில் நான்கு கட்டங்கள்.
நோக்கம். தொலைநோக்கு. பணி. விழுமியங்கள்.
ஒவ்வொன்றும் ஐம்பது வார்த்தைக்கு மிகாமல்.
"வெள்ளிக்கெழமைக்குள்ள வேணுங் சார்" என்றான்
மெர்ச்சண்டைசர் பையன்.
"நெட்டுல எடுத்து ஒட்டிருங்க, யாரும் படிக்கறதில்லீங்."

அங்கேரிபாளையம் ரோட்டிலிருந்து மூன்றாவது சந்து.
ஆறு எலாஸ்டிக் தறி, பதினோரு பேர்.
ரெகொபோத் எலாஸ்டிக்ஸ்.
பொருள்: விசாலமான இடம்.
அளவு: இருபதுக்கு முப்பது.
டெம்போக்காரர்களுக்கு ரெக்கபோத்து கம்பெனி.

நோக்கம்: தேவ மகிமைக்காக,
என்று எழுதிவிட்டுப் பார்த்தேன்.
ஜட்டிப் பட்டியில் மகிமை எங்கே உட்காரும்?
அடித்துவிட்டு எழுதினேன்:
குழந்தையின் இடுப்பில்
சிவந்த தடம் விடாத எலாஸ்டிக்.
இது பொய்யில்லை.

பணி: சொன்ன மீட்டர், சொன்ன எடை, சொன்ன நாள்.
இழுத்தால் இரட்டிப்பாக நீளும்,
விட்டால் பழைய அளவுக்கே திரும்பும்.
திரும்பாததை நாங்கள் விற்பதில்லை.
இதுவும்.

விழுமியங்களில் 'நே' போட்டதும்
முழங்கைக்கடியில் உறுத்தியது
அந்த நோட்டு.

வருகைப் பதிவேடு எங்களிடம் இரண்டு.
பச்சை அட்டை ஆடிட்டருக்கு.
அதில் எட்டு மணி நேரம், ஞாயிறு விடுமுறை,
எல்லாரும் ஒரே நிமிடத்தில் வந்து
ஒரே நிமிடத்தில் வீடு திரும்பும் அற்புதம்.
பழுப்பு அட்டை எங்களுக்கு.
அதில் மல்லிகா பதினாலு மணி நேரம்.
பாலேசுவரத்துப் பையன் திபாகர் விடிய விடிய.
பதினொரு ஞாயிறு,
லெந்து நாட்களில் மட்டும் நாலு.

அந்த ஞாயிறுகளில் நான் கோயிலில் இருந்தேன்.
மூன்றாம் வரிசை, ஃபேனுக்கு நேர் கீழே.
சட்டைப் பையில் போன் அதிரும்.
எந்தத் தறி, எந்த நூல் என்று
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு யோசிப்பேன்.
பக்கத்தில் நின்றவர்
என் ஜெபம் ஆழமானது என்று நினைத்திருப்பார்.

பெர்சிஸ் வெள்ளைக் கையோடு வந்தாள்.
ரப்பர் நூலின் மாவு.
படிவத்தை எட்டிப் பார்த்தாள்.
"ஒரு எழுத்துதான இருக்குது?"
"மிச்சம் வரல."
"வராது. மொதல்ல கூலியக் கணக்குப் போடுங்க."

வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிய
குள்ள வரிக்காரனைப் பற்றி
எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்!
சட்டம் கேட்பது இரண்டு மடங்கு.
நாங்கள் கொடுத்தது ஒன்று.
ராத்திரி பதினொன்றரைக்கு பாக்கி நின்றது
ஒரு லட்சத்து நாலாயிரத்து அறுநூறில்.
மறுபடி கூட்டினேன், குறையுமென்று.
குறையவில்லை.

மறுநாள் டீ நேரத்தில் சொன்னேன். ஏழு தவணை.
தறிகள் நின்றிருந்ததால்
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.
யாரும் அழவில்லை, கும்பிடவில்லை.
திபாகர் போனில் வகுத்துப் பார்த்து
தன் தவணையில் நாற்பது ரூபாய் குறைவதைக் காட்டினான்.
அவன் சொன்னதுதான் சரி.
மல்லிகா டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்:
"அப்ப இனி ஞாயித்துக்கெழம வேலையே இல்லீங்களா?
சீட்டுக்கு நான் என்ன பண்றதுங்?"

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வெள்ளி மாலை 'நே'யை அடித்துவிட்டு எழுதினேன்:
இங்கே பதிவேடு ஒன்றே.
பையன் உடனே கூப்பிட்டான்.
"சார், அப்ப முன்னாடி ரெண்டு இருந்துச்சான்னு
கேப்பாங்கல்லங்?"
கேட்கட்டும்.
ஆர்டர் போனாலும் போகும்.

தொலைநோக்கு இன்னும் காலி.
நாளன்றைக்கு வரைதான் எனக்குத் தெரிகிறது.
ஷட்டர் இறங்கியிருக்கும்,
போன் வீட்டில் கிடக்கும்,
ஆறு தறியும் சும்மா நிற்கும்,
மல்லிகாவின் சீட்டு மட்டும்
ஓடிக்கொண்டிருக்கும்.