மூன்றாவது நிலையம்

அடித்தள அறையில் இரண்டு திரைகள்.
சன்னலின் பாதிவரை பனி.
துலூத்தில் பிப்ரவரி என்றால்
வெளிச்சத்தைக் காசு கொடுத்துத்தான் எரிக்க வேண்டும்.

இன்றைக்கு ஏழாவது கோப்பு.
அறுபத்தெட்டு வயது ஆண்.
வாய்வழியே இறங்கிய குழாய்,
அதன் நுனியில் அல்ட்ராசவுண்ட்,
மூச்சுக்குழாயின் சுவரைத் துளைத்து
அப்பால் வீங்கிக் கிடக்கும் நிணநீர்க் கணுக்களைத்
தேடிப்போன மெல்லிய ஊசி.
டாக்டர் ப்ரூசோ சொல்லச் சொல்ல எழுதிய இயந்திரம்
காற்புள்ளி என்பதை மூன்று இடத்தில்
சொல்லாகவே அடித்துவைத்திருக்கிறது.

என் வேலை எண்ணுவது.
ஊசி எத்தனை முறை குத்தியது என்றல்ல,
எத்தனை நிலையங்களில் என்று.
ஒரே இடத்தில் ஆறு முறை குத்தினாலும்
நிலையம் ஒன்றுதான்.
ஒன்றோ இரண்டோ என்றால் 31652.
மூன்றோ மேலோ என்றால் 31653.
கடைசி இலக்கத்தில் ஒன்று கூடினால்
பில் கூடும்,
காப்பீட்டுக்காரனின் கவனமும் கூடும்.

4R: நான்கு முறை.
7: ஐந்து முறை.
11L: "பார்த்தேன், ஒன்பது மில்லிமீட்டர்."
வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.
பார்த்ததற்குக் காசில்லை.
இந்தத் தொழிலில் கண்ணால் கண்டது கணக்கில் சேராது,
ஊசியில் ஏறியது மட்டும்தான்.

ஆனால் ஆய்வகத்துக்குப் போனவை மூன்று குப்பிகள்.

"மூன்று என்று போட்டுவிடேன், மார்லிஸ்"
என்றாள் பக்கத்துக் குழுவின் கெர்டா.
போடவில்லை.
நல்லவள் என்பதால் அல்ல.
போன வருடத் தணிக்கையில் ஒற்றை இலக்கத்துக்காக
நாற்பது கோப்புகளைத் திரும்பப் பிரித்தவள் நான்.

டாக்டருக்குக் கேள்வி அனுப்பினேன்.
கேள்விக்குள் விடையை ஒளித்துவைக்கக் கூடாது,
அது விதி.
"11L-இல் என்ன நடந்தது?"

இரண்டு நாள் சத்தமில்லை.
மூன்றாம் நாள், இரவு பதினொன்றரைக்கு:
"ஊசியை நீட்டினேன். ஆக்சிஜன் எழுபத்தொன்பதுக்கு இறங்கியது.
குத்தாமல் வெளியே வந்துவிட்டேன்.
மூன்றாவது குப்பி 7-இன் மிச்சம்."

31652.

ஊசி நீட்டப்பட்டு, குத்தாமல்,
ஒரு மனிதனின் மூச்சுக்காக
அறையே காத்திருந்த அந்த நிமிடத்துக்குத்
தனிக் கட்டணம் உண்டா என்று தேடினேன்.
உள்ளடங்கியது, என்கிறது புத்தகம்.

நோய்க்கும் எண் வேண்டும்.
"புற்றுநோயாக இருக்கலாம்" என்கிறது குறிப்பு.
இருக்கலாம் என்பதற்கு
வெளிநோயாளிக் கணக்கில் இடமில்லை.
அறிக்கை வரும்வரை அது வெறும் வீக்கம்: R59.0.
வியாழக்கிழமை அறிக்கை வந்தது.
C77.1 என்று மாற்றினேன்.
அதற்கும் அதே ஐந்து விசைகள்தாம்.

முடிவு இணையத்தில் ஏறியாயிற்று,
நோயாளி இன்னும் திறந்து பார்க்கவில்லை,
டாக்டரைச் சந்திப்பது திங்கள் காலை.

பெயர்களை நான் படிப்பதில்லை, பெரும்பாலும்.
இது கண்ணில் பட்டுவிட்டது:
ஆர்விட் கோஸ்கெலா.

சனிக்கிழமை என் மகளுக்கு ஹாக்கி.
இடைவேளையில் பனித்தளத்தை இழைக்கும் வண்டி
உருண்டு வந்தது.
என் மகள் கண்ணாடியைத் தட்டினாள்.
இருபது வருடமாகச் செய்வதுபோல்
திருப்பத்தில் ஒருமுறை ஹாரன் அடித்தார் அவர்.
பிறகு கையுறையை வாயில் வைத்து
நெடுநேரம் இருமினார்.

வாசற்கதவருகே வண்டியை மெதுவாக்கி
"ஏரிக்காற்று, வேறென்ன" என்றார்.
என்னிடம்தான் சொன்னார்.

"ஆமாம், இந்த வருடம் ரொம்ப மோசம்" என்றேன்.

அவர் போன தடத்தில்
நீர் பளபளவென்று கிடந்தது, இன்னும் உறையாமல்.
பிள்ளைகள் மட்டையை ஊன்றிக்கொண்டு
கதவோரம் நின்றார்கள்.
யாரும் உள்ளே கால் வைக்கவில்லை.