ஒரு வரி மிச்சம்

மலையின் மறுபக்கம் பற்றிக்கொண்டபோது
பிர்மினோ ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.
ஆகஸ்டு. பகல் மூன்று மணி.
போர்த்துகலின் நடுவே, வாலே தி உர்சே என்ற
முப்பது கூரைகள் கொண்ட ஊர்.
தைல மரங்களின் வாடை காற்றில் கனத்துக் கிடந்தது.
சைரன் ஊளையிட்டது.
பாதி ரொட்டியை மேசையில் விட்டுவிட்டு
தன்னார்வப் படையின் பழைய லாரியில் ஏறினான்.

நான்கு நாள்.

நெருப்புக்குப் பசி என்பார்கள்.
பசித்தவன் ஒரு கட்டத்தில் தட்டைத் தள்ளிவைப்பான்.
நெருப்புக்கு நாக்கு என்பார்கள்.
கொர்டெய்ரோவின் நாற்பது ஆடுகளுக்கும்
தனித்தனிப் பெயர் இருந்தது.
ஒன்றைக்கூட அது கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் காலை
பள்ளி ஆசிரியர் எவரிஸ்தோவின் வீட்டுக்குள் போனான்.
கூரை இருந்த இடத்தில் வானம்.
இரும்புக் கட்டில் முதுகு வளைந்து நின்றது.
சுவரோரம், அலமாரி இருந்த இடத்தில்
புத்தகங்கள் நின்றன:
மரம் இல்லை, அட்டை இல்லை,
கருகிய தாள்கள் மட்டும்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு,
எரிந்துபோன சேதியை
இன்னும் யாரும் தங்களிடம் சொல்லாதது போல.

குனிந்தான்.
கருப்பின் மேல் வெள்ளியாய் எழுத்துகள்.
தாளைவிட மை மெதுவாகத்தான் சாகும் போலிருக்கிறது.
ஒரு வரி படித்தான்:
"உன் பெயரைச் சொன்னேன், என் நெஞ்சு தீப்பிடித்தது."
ஹா, என்றான்.
அந்த மூச்சுக்கே
பக்கம் உதிர்ந்தது. அடுத்த பக்கமும்.
முழுப் புத்தகமும்
அவன் பூட்ஸின் மேல்
சத்தமில்லாமல் வந்து படிந்தது.

எழுதியவன் யாரோ.
ரோமம் கருகும் வாடை அறியாதவன்.
பெரிய நகரத்தில், ஜன்னலோரம்,
காப்பி ஆறுவதற்குள் எழுதியிருப்பான்.
பிர்மினோ துப்பினான்.
எச்சிலும் கருப்பு.

அக்டோபரில் குளிர் வந்தது.
எரிந்த மலையில் முதலில் துளிர்த்தது தைல மரம்தான்,
வெட்கமே இல்லாமல், நீலப்பச்சையாய்.
வீட்டில் அடுப்பு அப்படியே கிடந்தது.
தீப்பெட்டியைக் கையில் எடுப்பான்,
குலுக்குவான்,
திரும்ப வைப்பான்.
தியோலிந்தா ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கினாள்.
ஓர் இரவு, கனவில்
அவன் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடுகையில்
பின்னாலிருந்து அணைத்தாள்.
அவள் மொழியில் அதற்கொரு சொல்,
நெருப்பை அவிக்க வேறொரு சொல்.
என் மொழியில்
இரண்டுக்கும் ஒன்றே போதுமாயிருக்கிறது.

நவம்பர் பதினொன்று. புனித மார்ட்டின் நாள்.
இந்த வருடம் வேண்டாம் என்றார்கள் பாதிப் பேர்.
ஊரின் செஸ்ட்நட் மரங்கள் எல்லாம் கரிக்கட்டை.
தியோலிந்தா பஸ் ஏறிப் போய்
அடுத்த மாவட்டத்துச் சந்தையில்
ஆறு கிலோ வாங்கி வந்தாள்,
பேரம் பேசாமல்.
தேவாலயத்துக்குப் பின்னால்
எங்கிருந்தோ கொண்டுவந்த பைன் சருகைக் குவித்தார்கள்.
யார் பற்றவைப்பது?
எல்லோரும் தத்தம் காலணியைப் பார்த்தார்கள்.
அவள் பெட்டியை எவரிஸ்தோவிடம் நீட்டினாள்.
முதல் குச்சி உடைந்தது.
இரண்டாவது காற்றோடு போனது.
மூன்றாவது பிடித்தது.

கொட்டைகள் வெடித்தன. ஒரு குழந்தை சிரித்தது.
பிறகு, வழக்கப்படி,
ஆறிய கரியைத் தொட்டு
ஒருவர் முகத்தில் ஒருவர் பூசும் நேரம்.
யாரும் அசையவில்லை.
எவரிஸ்தோ குனிந்து விரலில் எடுத்து
பிர்மினோவின் கன்னத்தில்
தப்புக் கணக்கை அடிப்பது போல்
ஒரு கோடு இழுத்தார்.

"என் வீட்டில் எதுவுமே மிஞ்சவில்லையா?"
"ஒரு வரி இருந்தது."
"என்ன வரி?"
சொன்னான். காது சிவந்தது,
தானே எழுதியவன் போல.
எவரிஸ்தோ இருமல் வரும் வரை சிரித்தார்.
"இரண்டாயிரம் புத்தகம் இருந்ததே!
போயும் போயும் அதுவா!
அதைக் கொடுத்தவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு
பிரான்சுக்குப் போய்விட்டாள்.
குப்பை. முப்பது வருடமாய்
தூக்கிப் போட..."

ஒரு கொட்டை வெடித்தது.

"இன்னொரு தடவை சொல்லு."

பிர்மினோ சொன்னான்,
இம்முறை மெதுவாக,
மூச்சு படாமல்.