பதினோராவது பெயர்

செவ்வாய்க்கிழமை இரவு
கேமரா தானாகத் தலையைத் திருப்பி
பூனை படுக்காத மூலையைப் பார்த்தது.
நான் திருப்பவில்லை. பூனைக்கு அந்த வித்தை தெரியாது.

அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்
இந்த வீட்டில் எத்தனை பேர் என்று.

ரூசே நகரில், தன்யூப் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கும்
கான்கிரீட் கட்டடத்தின் ஐந்தாவது மாடி.
ரவுட்டர், இணையக் கம்பெனி தந்தது,
இரண்டு வருட ஒப்பந்தத்தோடு உள்ளே வந்த மாப்பிள்ளை.
நடைச் சுவரில் தொற்றியிருக்கும் ரிப்பீட்டர்
தம்பி ஸ்தோயன் வியன்னாவுக்குப் போகுமுன் விட்டுப்போனது.
பிரிண்டர், நான் பல் செட்டு செய்யும் கூடத்தில்
கழித்துப் போட்டதை டாக்ஸியில் தூக்கிவந்தேன்.
கேமரா, ஞாயிற்றுச் சந்தையில் முப்பது லெவா.
ஒரே கூரை, நாலு கம்பெனி,
ஒன்றின் பேச்சு ஒன்றுக்குப் புரியாது.

ரவுட்டரின் உள்ளறைக்குப் போக
பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த அதே சொல் போதுமாயிருந்தது.
வைஃபை கடவுச்சொல்லோ
தம்பிக்கு ஒருமுறை பால்கனியிலிருந்து கத்திச் சொன்னது.
நான்கு வருடம்
தாழ்ப்பாள் போடாத கதவுக்குப் பின்னால்
காதில் பஞ்சு வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

உள்ளே ஒரு பட்டியல்.
போன், மடிக்கணினி, டிவி, தராசு
(என் எடையைக்கூட எங்கோ சொல்லிக்கொண்டிருக்கிறது)
பத்து வரை அடையாளம் தெரிந்தது.
பதினொன்றுக்குப் பெயரில்லை.
இரண்டிரண்டாய்ப் பிரித்த பன்னிரண்டு எழுத்து,
மெலிந்த சிக்னல்,
தினமும் இரவு எட்டுக்கு வரும், பதினொன்றுக்குப் போய்விடும்.
நல்ல வளர்ப்பு.

வெள்ளி இரவு உட்கார்ந்தேன்.
நீளமான சொல் ஒன்று செய்தேன்:
எனக்குப் பிடிக்காத நான்கு காய்கறி, நடுவில் ஒரு வருடம்.
புதிய பூட்டைத் தேர்ந்தெடுத்ததும்
பிரிண்டர் கையை விரித்தது.
அது பிறந்தபோது அந்தப் பூட்டே பிறக்கவில்லை.
ஒரு பிரிண்டருக்காக வீடு முழுக்க
பழைய பூட்டில் தொங்குவதா?
கேமராவுக்குப் புது மென்பொருள் தேடினால்
செய்தவர்கள் கடையையே கட்டிவிட்டார்கள்.
விருந்தினர் வலை ஒன்றைத் திறந்து
இரண்டையும் அங்கே உட்காரவைத்தேன்.
தனிப்பந்தி.
சொல்லும்போது நாக்கு கூசுகிறது. ஆனாலும் போட்டேன்.

ரிப்பீட்டர்தான் கல்லுளிமங்கன்.
வாசலில் பூட்டை மாற்றிய பிறகும்
நடையில் நின்று பழைய பெயரையே கூவியது;
நம்பிப் போன டிவிக்கு அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.
அதன் பின்பக்கத் துளையில் ஊசியால் குத்தி
முப்பது எண்ணினேன்.
எல்லாம் மறந்து
பச்சைக் குழந்தையாய்க் கண்ணைச் சிமிட்டியது.

பொத்தானை அழுத்தினால் யாரையும் சேர்த்துக்கொள்ளும்
ரவுட்டரின் அந்த இளகிய மனசையும் அணைத்தேன்.
மணி ஒன்றரை.
பட்டியலில் பத்து.

சனிக்கிழமை லிஃப்டில்
ஆறாவது மாடி வெலிச்கோவ்.
ஒவ்வொரு செப்டம்பரும் சிவப்புக் குடைமிளகாய் சுட்டு
எனக்கென்று ஒரு ஜாடி எடுத்துவைப்பவர்.
வணக்கம் என்றேன்.
அவர் எண் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்,
மூன்று, நான்கு, ஐந்து,
இன்றே திருப்பித் தரவேண்டிய நூலகப் புத்தகம் போல.

கேமராவைத் திருப்பியது அவராக இருக்காது.
லிஃப்ட் பொத்தானை அழுத்தவே அவருக்குக் கண்ணாடி வேண்டும்.
அது எங்கோ கடலுக்கு அப்பால், வேலையற்ற ஒரு விரல்.
எட்டிலிருந்து பதினொன்று என்பது
ஒருவேளை துருக்கித் தொடர்,
ஒருவேளை சிகாகோவில் இருக்கும் மகள்.
ஒருவேளை அவரே இல்லை, முழங்கால் வலி.
கேட்க முடியுமா? கேட்டால்
சுட்ட மிளகாய்க்கெல்லாம் வேறு அர்த்தம் வந்துவிடும்.

விருந்தினர் வலையின் சொல்லை
ஒரு துண்டுத் தாளில் எழுதி
கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன்.
மூன்று நாளாய் என்னோடு லிஃப்டில் ஏறி இறங்குகிறது.
கேமராவும் அந்தப் பந்தியில்தான் இருக்கிறது.
அதுதான் யோசனை.