அழுக்காகாத சட்டை

இரவு ஷிப்ட் முடிந்து பாயான் லெப்பாஸ் கேட்டுக்கு வெளியே வந்தால்
கண்ணுக்குள் இன்னும் மைக்ராஸ்கோப்பின் வட்டம்.
அந்த வட்டத்துக்குள்தான் தெரிந்தது
எங்கள் பழைய காடி,
ஸ்டியரிங்கில் நெற்றி சாய்த்தபடி இவர்.
கூலிமுக்கு லோரி ஓட்டிப் போய்
பாலம் கடந்து திரும்பி
நேராக இங்கே.
"பசியாறினியா?"
"அப்புறம். எட்டரைக்கு ஆட்டம்."

வராதீங்கம்மா என்றுதான் சொல்லியிருந்தான் தர்வின்.
படிவம் நான்கு.
குரல் உடைந்ததிலிருந்து
எங்களிடம் வார்த்தையை அளந்துதான் போடுகிறான்.
"நான் பெஞ்சுலதான் இருப்பேன். எதுக்கு?"

எதுக்கு என்று எனக்கும் தெரியாது.

ஜெலுத்தோங் பள்ளித் திடல்.
கம்பிவேலிக்கு இந்தப் பக்கம்
குடையோடு மிஸஸ் கூய்,
பிளாஸ்க் நிறைய தே ஓ-வோடு ரோஹாயா அக்கா.
நான் வெட்டிய ஆரஞ்சு,
பதினைந்து பையன்களுக்கும் எண்ணி.
ஆடாதவனுக்கும் தாகம் எடுக்கும்.

மூன்று வருஷமாகியும் இவருக்கு சாஃப்ட்பால் பிடிபடவில்லை.
"அடிச்சிட்டு ஓடுறான் சரி,
மூணு இடத்தையும் சுத்திட்டு
கெளம்புன எடத்துக்கே வந்தா ஒரு புள்ளியா?
நானும் தெனம் அதைத்தான் பண்றேன்.
எவன் கைதட்டுனான்?"
மிஸஸ் கூய்க்கு அதை மலாயில் சொன்னேன்.
குடை குலுங்கச் சிரித்தாள்.
அவள் பெரிய மகனின் பழைய கையுறைதான்
தர்வினிடம் இருக்கிறது.
எண்பது வெள்ளி. உள்தோலில் சீன எழுத்தில் ஒரு பெயர்.
அதை அவன் அழிக்கவில்லை.

அம்மாக்களின் பேச்சு எப்போதும் கறையைப் பற்றி.
செம்மண் போவதே இல்லை,
குளோரக்ஸ் போட்டால் நீலம் வெளுக்கிறது,
வினிகர் ஊற்று, பழைய பிரஷ்ஷால் தேய்...
நானும் தலையாட்டுவேன்.
என் வாளியில் விழும் பதினான்காம் எண் சட்டை
கொடுத்தனுப்பிய மடிப்பு கலையாமல் திரும்பும்.
ஆனாலும் துவைப்பேன்,
கொஞ்சம் சத்தமாகவே,
அறைக்குள் அவனுக்குக் கேட்கட்டுமென்று.

ஆறு இன்னிங்ஸ் போனது.
இவர் எப்போதோ காடிக்குத் தூங்கப் போய்விட்டார்.
ஏழாவதில்
ரோஹாயா அக்காவின் ஹஸிக் முதல் பேஸில் விழுந்து
கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.
அக்கா எழுந்துவிட்டாள், பிளாஸ்க் மூடி உருண்டது.
பயிற்சி சிக்கு பெஞ்சைத் திரும்பிப் பார்த்து
ஒரு விரலை நீட்டினார்.

என் பிள்ளை ஓடுவதை
பள்ளிப் பேருந்துக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது.
யாரோ அடித்த பந்து புல்லுக்குள் போனது.
மூன்றாவது. நிற்கச் சொல்லிக் கை காட்டினார்கள்.
நிற்கவில்லை.
என் விரல்கள் வேலிக் கம்பியில்.
நான் கத்தியது எந்த மொழி என்று
பிறகு மிஸஸ் கூய்தான் கேட்டாள்.

புழுதி எழுந்தது.
புழுதிக்குள் நடுவரின் முஷ்டி.
அவுட்.

ஆட்டம் முடிந்தது, ஒரு புள்ளியில் தோல்வி.
சத்தத்தில் விழித்து ஓடிவந்த இவர் பார்த்ததெல்லாம்
மண்ணிலிருந்து எழுந்து
தட்டிவிட்டுக்கொள்கிற ஒருவனை.
"என்ன ஆச்சு? நம்மவனா அது?"
"ஆமா. விழுந்தான்."
என் முகத்தில் என்ன இருந்ததோ,
மேற்கொண்டு கேட்கவில்லை.
அக்காவையும் ஹஸிக்கையும் கிளினிக்கில் இறக்கிவிட்டு
வீடு திரும்பும்வரை
பின்சீட்டில் ஆரஞ்சு உறிஞ்சும் சத்தம் மட்டும்.

பாயா தெருபோங், பதினான்காவது மாடி.
இடுப்பிலிருந்து தோள்வரை சிவப்பு,
ஒரு பொத்தானைக் காணோம்.
"அவுட்டும்மா," என்றான்,
நான் அங்கே இல்லாதது போல.
"தெரியும். கழட்டிப் போடு."

வாளியில் தண்ணீர் நிறைந்தது.
சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு ரோஹாயா அக்காவுக்கு போன் போட்டு
பையன் கால் எப்படி என்று கேட்டேன்.
வீக்கம்தான், எலும்புக்கு ஒன்றுமில்லை.
அப்புறம் கேட்டேன்:
அக்கா, அந்த வினிகர்
எவ்வளவு ஊத்தணும்?