எண்ணாமல் விட்டது

அஸ்தம்பட்டியில் தொடங்கி
கன்னங்குறிச்சி தாண்டி மூக்கனேரி வரை
எண்ணச் சொன்னார்கள்.
ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட்,
இரண்டு அங்குலப் பிரஷ், அளவு நாடா,
ஏழு கட்டம் போட்ட படிவம்.
நாள்கூலி நானூற்று எண்பது.

முதல் மரம் புங்கன்.
சுற்றளவு நூற்றுப் பத்து.
பட்டையைச் சுரண்டி மார்பு உயரத்தில்
ஒன்று என்று எழுதினேன்.
கை நடுங்கவெல்லாம் இல்லை.
எழுத்து அழகாக வந்ததில்
கொஞ்சம் சந்தோஷம்கூட.

நாடாவின் மறுமுனை இருசப்பன் கையில்.
மரத்தைச் சுற்றும்போது
ஒரு நொடி காணாமல் போவான்,
அந்தப் பக்கம் வந்து சிரிப்பான்.
மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது.
தூங்குமூஞ்சி மரங்களுக்கு
நாடா பத்தவில்லை.
சணல் முடிந்து நீட்டினோம்.

ஏழாவது கட்டம் குறிப்பு.
நூற்று மூன்று, வாகை:
பொந்தில் பச்சைக்கிளி, ஒரு ஜோடி.
நூற்று எழுபது, புளி:
ஆணியில் டியூப் தொங்குகிறது, பஞ்சர் கடை.
இருநூற்று ஒன்று, நாவல்:
அடியில் தார் ரோடு ஊதா,
ஸ்கூல் பிள்ளைகளின் நாக்கும்.
ஆபீசில் அடித்துவந்த பிரதியில்
வரிசையாக எல்லாவற்றுக்கும்
இல்லை
இல்லை
இல்லை.

ஏரித் திருப்பத்துக்கு வந்தபோது
சேர்வராயன் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியிருந்தது.
நாங்கள் வேலை முடிக்கும் நேரம்
வக்காக்களுக்கு விடிகிற நேரம்.
இலை மூடித் தூங்கப்போகும் மரத்தில்
ஒவ்வொன்றாக எழுந்து கழுத்தை நீட்டின.
அடிமரம் முழுக்க எச்சம்.
நான் பிரஷ்ஷை நனைத்து நின்றேன்.
எனக்கு முன்பே
அவை வெள்ளையடித்து முடித்திருந்தன.
எண் எழுத இடமே இல்லை.

இருசப்பன் என்னைப் பார்த்தான்.
மேலே பார்த்தான்.
ஒன்றும் கேட்காமல் நாடாவைச் சுருட்டினான்.
அதற்கு முந்தைய மரம் இருநூற்றுப் பதினாலு.
அடுத்ததற்கு இருநூற்றுப் பதினைந்து என்று எழுதினேன்.
கணக்கில் எங்கும் ஓட்டை இல்லை.

சித்திரையில் ரம்பம் வந்தது.
நான் போட்ட வரிசையிலேயே அறுத்தார்கள்.
ஒருநாள் ஐந்து ரோட்டு சிக்னலில்
என் முன்னால் நின்ற லாரியில்
என் கையெழுத்து இருந்தது.
எழுபத்தாறு. தலைகீழாக.

திருப்பத்து மரத்தின் அடியில்
காண்டிராக்டரின் ஆள் காகிதம் புரட்டினாராம்.
'பைல்ல இல்லாத மரத்த வெட்டிட்டு
பில்லை எவன் தலையில போடுறது?'
இன்ஜினீயருக்குப் போன் போனது.
மறுபடி எண்ண ஆள் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள்.
அந்த ஆள் நான்தான்.
அப்போது கொண்டலாம்பட்டியில்
தெருவிளக்குக் கம்பம் எண்ணிக்கொண்டிருந்தேன்.
கடிதம் எந்த மேசையில் கிடக்கிறதோ.
மழைக்கு முன் முடிக்கும் அவசரத்தில்
வடிகால்காரர்கள் அங்கே மட்டும்
சிமெண்டை வளைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது டவுன் பஸ்ஸில் அந்த வழியே வந்தால்
ஜன்னல் கம்பி சுடுகிறது.
நாவல் நின்ற இடத்தில் செல்போன் கடை.
திருப்பத்தில் மட்டும்
பத்து அடிக்கு நிழல்,
சட்டென்று ஒரு குளிர்ச்சி,
சட்டைமேல் எச்சம் விழுந்த யாரோ ஒருவரின் வசவு.
இருசப்பன் பக்கத்தில் இருந்தால் முழங்கையால் இடிப்பான்.

ஒரு மரம் நிற்கிறது என்று
யாரிடமும் நான் பெருமை சொன்னதில்லை.
வேலையைச் சரியாகத்தான் செய்தேன்.
அதுதான் உறுத்துகிறது.

தூக்கம் வராவிட்டால் எண்ணிக்கொண்டே படு,
வந்துவிடும் என்கிறாள் மனைவி.
கண்ணை மூடுகிறேன்.
ஒன்று.
புங்கன்.
நூற்றுப் பத்து.