ஐம்பதுக்குப் பத்து

பழைய கலியாணக் காட் ஒன்றின் பின்பக்கத்தில்
பென்சிலால் கோடு கிழித்தேன்:
ஐம்பது நிமிடம் வெட்டு, பத்து நிமிடம் எழும்பு.
நாலு தரம் அப்படி,
பிறகு அரை மணித்தியாலம் சாப்பாடு.
கண் டொக்டர் சொன்னது பாதி,
இடுப்பு சொன்னது மீதி.

வெள்ளிக்கிழமை ஒஸ்லோவுக்குப் போகவேணும்.
மூன்று கமரா, ஒரு ட்ரோன்,
பதினொரு மணித்தியாலக் கலியாணம்.
அவர்கள் கேட்பது நாலு நிமிடம்.
லோகேசுவரி அன்ரி குரற்செய்தியில் சொல்கிறா,
"அவசரமில்லைப் பிள்ளை,
வியாழன் இரவே வந்தால் சந்தோசம்.
ட்ரோன் கொஞ்சம் கூடப் போடுங்கோ."

கொக்குவிலில் சோளகம் அடிக்கிறது.
ஒழுங்கைப் புழுதி முழுக்க
என் விசைப்பலகையில்தான் வந்து இறங்குகிறது.

முதல் பத்து நிமிடத்தை நான் எடுக்கவில்லை.
இந்த ஒரு வெட்டு மட்டும், என்றேன்.
இரண்டாவதைக் கூறைச்சேலை தின்றது:
ஒரு கமராவில் அரக்கு,
மற்றதில் தக்காளி.
மூன்றாவதுக்கு
பாண் ஓட்டோ முடக்கில் வந்து அதே மெட்டை அழுதபோது
வெட்கப்பட்டு எழும்பினேன்.
கிம்புலா பணிஸ் ஒன்றை வாங்கி
படலையடியில் நின்றே
வாலிலிருந்து தின்றேன்.

திரும்பி வந்து அடுத்த துண்டைத் திறந்தால்,
தர்சிகன் சாப்பிடப் போகும்போது
நிப்பாட்ட மறந்த கமரா.
முப்பத்தெட்டு நிமிடம்.

மணவறையில் ஒருவருமில்லை.
ஐயர் விசிறிக்கு நேரே நின்று
சால்வையை விரித்துக் காயவைக்கிறார்.
ஒரு பெடியன் சிந்திய அறுகரிசியை
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
தன் சப்பாத்துக்குள் போடுகிறான்.

அபிசாயினி வருகிறாள்.
அட்டியலைக் கழற்றித் தோழியின் மடியில் போட்டுவிட்டு
படியில் காலை நீட்டி இருக்கிறாள்.
பெருவிரலை மடக்குகிறாள், நிமிர்த்துகிறாள்,
மடக்குகிறாள்.
விடிய நாலு மணிக்குத் தலையிழுக்கத் தொடங்கியதிலிருந்து
இஞ்சை பாருங்கோ என்று
ஒருவரும் சொல்லாத முதல் நேரம்.

மாப்பிள்ளை ஒரு சோடாப் போத்தலோடு வந்து
ஓராள் இருக்க இடம் விட்டு இருக்கிறான்.
போத்தல் இங்கே வருகிறது, அங்கே போகிறது.
மூன்றாம் தரம் கைமாறும்போது
அவள் ஏதோ சொல்கிறாள்.
அவன் மூக்கால் சோடா வருகிறது.
அவள் வாயைப் பொத்திக்கொண்டு
முழங்காலில் முகம் புதைக்கிறாள்,
முதுகு மட்டும் குலுங்குகிறது.

மைக்கைக் கழற்றிக்கொண்டுதான் போயிருந்தான் தர்சிகன்.
என்ன சொன்னாளோ.

நாலு நிமிடத்துக்குள் அதைச் செருகிப் பார்த்தேன்.
முன்னே மெதுவாய் விழும் மாலை,
பின்னே வானத்திலிருந்து தெரியும் மண்டபக் கூரை.
நடுவில் அவர்கள்
வேறு வீட்டுக்கு வந்த ஆட்கள் மாதிரி இருந்தார்கள்.
எடுத்துவிட்டேன்.
எடுத்துவிட்டு, முழுக்கப் பார்த்தேன்.

போனில் மணி அடித்தது.
காட்டில் இதை எந்தக் கோட்டுக்குள் எழுதுவது?
ஒன்றும் வெட்டவில்லை, ஆனபடியால் வேலை இல்லை.
கதிரையை விட்டு எழும்பவில்லை,
ஆனபடியால் ஓய்வும் இல்லை.

யோசித்துக்கொண்டிருக்கக் கரண்ட் போனது.
அட்டவணையில் இல்லாத இடைவேளை.
வெளிப்படியில் போய் இருந்தேன்.
செருப்பைக் கழற்றி
பெருவிரலை மடக்கிப் பார்த்தேன்.
நொந்தது. திரும்பவும் மடக்கினேன்.
காங்கேசன்துறை ரயில் போய் முடியுமட்டும்
அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

வியாழன் இரவு இரண்டு கோப்புகள் அனுப்பினேன்.
இரண்டாவதுக்குக் காசு எழுதவில்லை.
"சத்தம் இல்லை, மன்னிக்கவும்" என்று மட்டும் ஒரு வரி.

விடியப் பதில் வந்திருந்தது.
"முதலாவது நல்ல வடிவு பிள்ளை.
மற்றது என்னெண்டு விளங்கேல்லை,
அதிலை ட்ரோனே இல்லை.
ஆனால் அபிசா
அதைத்தான் திருப்பித் திருப்பிப் போடுறாள்."